பழைய நீராவி இன்ஜினைக் காப்பாற்றுவது எப்படி? முதலில் ஈரத்தை விரட்டுங்கள்

வேல்ஸ் நாட்டின் கடற்கரையில் பேரி என்று ஒரு துறைமுக ஊர். அங்கே டை உட்ஹாம் என்பவர் காயலான் கடை வைத்திருந்தார். பிரிட்டிஷ் ரயில்வே 1968 ஆகஸ்டில் மெயின் லைனில் நீராவிக்கு முடிவு கட்டியது. அதற்கு முன்பிருந்தே உடைப்பதற்கென்று இன்ஜின்கள் இவரிடம் வந்து நின்றன. உட்ஹாமுக்குப் பழைய வேகன்களை உடைப்பது சுலபமாக இருந்தது. அதனால் இன்ஜின்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார். பேரீச்சம்பழத்துக்குப் போகவேண்டிய 297 இன்ஜின்களில் 213 பிழைத்தது அந்த 'அப்புறம்' புண்ணியத்தில்தான். கடைசி இன்ஜின் வெளியேறியது 1990 ஜனவரியில்.

அப்படிப் பிழைத்து, ஆர்வலர்கள் வாங்கிப்போன இன்ஜின்களில் சில இன்னும் ஓடவில்லை. காசு சேரும்வரை, ஆள் கிடைக்கும்வரை ஒரு மூலையில் காத்துக்கிடக்கின்றன. காயலான் கடையில் அரித்ததைவிட இந்தக் காத்திருப்பில் அதிகம் அரித்துப்போகலாம். அதனால் இந்த விளக்கத்தில் பாதுகாத்து வைப்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: கணக்கெடுங்கள்

டார்ச், நோட்டு, கேமரா போதும். செம்பும் பித்தளையும் எப்போதோ போயிருக்கும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், குழாயையும் வால்வையும் புதிதாகச் செய்துகொள்ளலாம். பாய்லர், அடிச்சட்டம், சிலிண்டர், சக்கரம் இந்த நான்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதுதான் கேள்வி.

இவற்றில் ஒன்று போனாலும் கதை முடிந்துவிடாது. 1954-ல் கட்டிய, 71000 என்ற எண்ணுள்ள 'டியூக் ஆஃப் குளோஸ்டர்' அந்த வகையில் ஒரே ஒரு இன்ஜின். அதன் சிலிண்டரையே மியூசியத்தில் வைக்க அறுத்து எடுத்துவிட்டார்கள். மிச்சத்தை 1974-ல் பேரியிலிருந்து மீட்டவர்கள் 1986-ல் ஓட்டிக்காட்டினார்கள். சாம்பல் தட்டுக்குக் காற்று போகும் வழி வரைபடப்படி கட்டப்படவே இல்லை என்பதையும் வேலையின்போது கண்டுபிடித்துத் திருத்தினார்கள். ரயில்வேயில் இருந்த காலத்தைவிட அதன் பிறகு நன்றாக இழுத்தது! ஆனால் பன்னிரண்டு வருட உழைப்பு. புதிதாக இறங்குபவர்கள் இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 2: போர்வையைத் தொடாதீர்கள்

பாய்லரைச் சுற்றிச் சூடு காக்கும் போர்வை கல்நாராக, அதாவது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துக் கொல்லும். உரிமம் பெற்றவர்கள் வந்து அகற்றும்வரை தகட்டைக்கூடக் கழற்றாதீர்கள்.

படி 3: ஈரத்தை விரட்டுங்கள்

முதல் வேலை சாம்பல். நெருப்புப் பெட்டியிலும் புகைப்பெட்டியிலும் கடைசி ஓட்டத்தின் சாம்பலும் கரியும் அப்படியே கிடக்கும். நிலக்கரியில் கந்தகம் உண்டு. அந்தச் சாம்பல் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி, தகட்டை இரவும் பகலும் தின்னும். கடைசித் துளி வரை வாரிவிட்டு, துடைத்து, உலரவிடுங்கள்.

அடுத்தது புகைபோக்கி. அது வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் வாய். மூடி போடாவிட்டால் ஒவ்வொரு மழையும் நேராகப் புகைப்பெட்டிக்குள் இறங்கும்.

பாய்லரில் தேங்கிய தண்ணீரை முழுதும் இறக்குங்கள். பிறகு இரண்டு வழிகளில் ஒன்று: எல்லாத் துவாரங்களையும் திறந்து காற்றோட்டமாக விடலாம். அல்லது உள்ளே சிலிக்கா ஜெல்லையோ சுட்ட சுண்ணாம்பையோ தட்டுகளில் வைத்து இறுக்கி மூடலாம், ஈரம் உறிஞ்சியதும் மாற்றவேண்டும். பாதி மூடிப் பாதி திறந்து வைப்பதுதான் மிக மோசம்.

சிலிண்டர் வடிகால் குழாய்களைத் திறந்தே வையுங்கள். பிஸ்டன் தண்டுக்கும் இணைப்புக் கம்பிகளுக்கும் கெட்டியாகக் கிரீஸ் பூசுங்கள். சக்கர அச்சின் முனைகளைத் தாங்கும் அச்சுப் பெட்டிகளின் அடியில் எண்ணெய்க்குக் கீழே தண்ணீர் தங்கியிருக்கும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அப்புறம் அச்சு குழி குழியாக அரித்திருப்பதைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை இன்ஜினைச் சில அடி நகர்த்தினால் ஒரே இடத்தில் பாரம் நிற்காது. அதற்கு முன் சிலிண்டருக்குள் எண்ணெய் விடுங்கள். வறண்ட சிலிண்டரில் பிஸ்டனை இழுத்தால் கோடு விழும்.

தார்ப்பாய் எனக்குப் பிடிக்காத பொருள். இரும்போடு ஒட்டிக்கிடந்தால் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். குளிர்ந்த இரவுக்குப் பின் வெதுவெதுப்பான காலைக்காற்று பட்டால் இரும்பு வியர்க்கும். வெளியே மழையே இல்லாமல் உள்ளே சொட்டும். வேறு வழியில்லை என்றால் சட்டம் கட்டி, இரும்பில் படாமல் கூரைபோல் விரியுங்கள். ஒரு தகரக் கொட்டகை கிடைத்தால் அதற்கு ஈடில்லை. பெயின்ட் வாங்கும் காசைக் கொட்டகைக்குப் போடுங்கள்.

படி 4: கழற்றுங்கள், ஆனால் அடையாளமிட்டு

காசும் பட்டறையும் தயாராகும்வரை கழற்றவே வேண்டாம். முழு இன்ஜின் ஒரு இடத்தில் நிற்கும், கழற்றிய இன்ஜின் நாலு இடத்தில் தொலையும். கழற்றும்போது ஒவ்வொரு துண்டிலும் எண் பதியுங்கள், காகிதச் சீட்டு ஈரத்தில் கரைந்துபோகும்.

படி 5: பாய்லரைத் திறந்து பாருங்கள்

பாதிக் காசு இங்கேதான் கரையும். பாய்லருக்குள் சூடான புகை போகும் புகைக்குழாய்களை எல்லாம் உருவுங்கள், அவற்றைத் திரும்பப் போடலாம் என்று நினைக்காதீர்கள். அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் தடிமனை இடத்துக்கு இடம் அளக்க வேண்டும். நெருப்புப் பெட்டியையும் வெளிக்கூட்டையும் பிணைக்கும் ஸ்டே போல்ட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். சுத்தியால் தட்டினால் நல்லது கணீரென்று பேசும், உடைந்தது மழுங்கிய ஒலி தரும். தட்டிக் கேட்பது நாம் செய்யலாம். எதை மாற்றுவது என்பதைப் பாய்லர் ஆய்வாளர் சொல்லட்டும். வெல்டிங் பழகிய நண்பர் இருக்கிறார் என்று நீங்களே இறங்கிவிடாதீர்கள், இது வெடிக்கக்கூடிய பாத்திரம்.

படி 6: அடிச்சட்டமும் சக்கரமும்

அடிச்சட்டத்தில் விரிசல் தேடுங்கள், முக்கியமாக அச்சுப் பெட்டிக்கான வெட்டுகளின் மூலைகளில். சக்கரத்தின் இரும்புப் பட்டை தேய்ந்திருந்தால் லேத்தில் கடைய வேண்டும், மெலிந்திருந்தால் புதுப்பட்டை.

படி 7: தண்ணீர்ச் சோதனை, பிறகு ஆவி

பாய்லரை முழுதும் தண்ணீரால் நிரப்பி, வழக்கமான வேலை அழுத்தத்தைத் தாண்டி ஏற்றிக் கசிவு பார்ப்பார்கள். காற்றால் சோதித்தால் விபத்து. தண்ணீர் அமுங்காது, அதனால் தகடு கிழிந்தாலும் பீறிட்டு அடங்கிவிடும். தேறினால் மெதுவாக நெருப்பு மூட்டி, ஆவியோடு மறுபடி சோதனை.

பிரிட்டனின் பாரம்பரிய ரயில்பாதைகளில் பெரிய பாய்லர் சோதனைக்குப் பின் கிடைக்கும் அனுமதி பொதுவாகப் பத்து ஆண்டுகள், நடுவில் ஆண்டுதோறும் ஆய்வு உண்டு. பத்தாண்டு முடிந்த அன்று மாலை நெருப்பு அணைந்து, பாய்லர் ஆறியதும் மறுபடி படி 3. சாம்பலிலிருந்து தொடங்குங்கள்.