யூபிஎஸ் வாங்கும்போது பலரும் செய்யும் தவறுகள்

மின்சாரம் போன பிறகும் கணினியில் வேலையைத் தொடரலாம் என்று நம்பி யூபிஎஸ் வாங்குவதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. வீட்டுக் கணினிக்கான சிறிய யூபிஎஸ் தருவது சில நிமிட அவகாசம். திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்து, கணினியை முறைப்படி அணைக்க அது போதும். அந்தச் சில நிமிடம் உண்மையில் கிடைக்குமா என்பதுதான் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் '600 விஏ' (வோல்ட்-ஆம்பியர்) என்பதை 600 வாட் என்று எடுத்துக்கொள்வது மிகப் பரவலான தவறு. பவர் ஃபேக்டர் (விஏ-யில் எத்தனை பங்கு வாட்டாகக் கிடைக்கும் என்ற விகிதம்) 0.6 உள்ள யூபிஎஸ் என்றால் அது தாங்குவது 360 வாட்தான். வாட் அளவு கையேட்டில் தனியே இருக்கும். அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மேல் 650 வாட் என்று எழுதியிருப்பதால் கணினி எந்நேரமும் அவ்வளவு இழுக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அது உச்ச வரம்பு மட்டுமே. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரணக் கணினி, மானிட்டரோடு சேர்த்தும் பெரும்பாலும் 150 வாட்டைத் தாண்டுவதில்லை. சாக்கெட்டில் செருகும் வாட் மீட்டர் ஒன்று கிடைத்தால், கணினி மிகக் கடுமையாக உழைக்கும் நேரத்தில் அளந்து, அதற்கு மேல் கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நிமிடம் தாங்கும் என்ற கணக்கிலும் ஏமாற்றம் காத்திருக்கிறது. சிறிய யூபிஎஸ்களில் பொதுவாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி. 200 வாட் சுமைக்கு 25 நிமிடம் வரும் என்று தோன்றும். ஆனால் அந்த 7 என்ற எண், 20 மணி நேரம் மெதுவாக மின்சாரம் எடுத்தால் கிடைக்கும் அளவு. 200 வாட் சுமையோ பேட்டரியிலிருந்து 16 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சுகிறது. அந்த வேகத்தில் லெட்-ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு வெகுவாகக் குறைந்துவிடும். பத்து நிமிடம் கிடைத்தாலே நல்லது.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். விலை குறைந்த யூபிஎஸ், பேட்டரியில் ஓடும்போது சீராக வளையாமல் படிக்கட்டு போல ஏறி இறங்கும் மின் அலையைத் தருகிறது. 'ஆக்டிவ் பிஎஃப்சி' (பவர் ஃபேக்டரைத் திருத்தும் மின்சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்களில் சில அதை ஏற்காமல், மின்சாரம் போன கணத்திலேயே கணினியை அணைத்துவிடும். அப்படியானால் யூபிஎஸ் இருந்தும் பயனில்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் '80 பிளஸ்' என்ற மின்சிக்கன முத்திரை இருந்தால் ஆக்டிவ் பிஎஃப்சி இருப்பதாகவே கொள்ளலாம். அத்தகைய கணினிக்குச் சற்றுக் கூடுதல் செலவானாலும் ப்யூர் சைன் வேவ் (வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலை) தரும் யூபிஎஸ்ஸையே நான் பரிந்துரைப்பேன். மின்னழுத்தம் அடிக்கடி ஏறி இறங்கும் இடத்தில் லைன் இன்டர்ஆக்டிவ் வகை நல்லது. அது பேட்டரியைத் தொடாமலே மின்னழுத்தத்தைச் சரிசெய்யும். எந்நேரமும் இன்வெர்ட்டர் வழியாகவே மின்சாரம் தரும் ஆன்லைன் வகை வீட்டுக்குத் தேவையில்லை. விசிறி ஓசையும் வெப்பமும்தான் மிச்சம்.

எதை எங்கே செருகுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். சில யூபிஎஸ்களில் எல்லா சாக்கெட்டுக்கும் பேட்டரி இணைப்பு இருக்காது. சில சாக்கெட்டுகள் மின்னழுத்த எழுச்சியை மட்டுமே தடுக்கும். ஒருமுறை அப்படிப்பட்ட சாக்கெட்டில் என் மானிட்டரைச் செருகிவிட்டேன். மின்சாரம் போனதும் கணினி ஓடிக்கொண்டிருந்தது, திரை இருண்டுவிட்டது, எழுதியதைச் சேமிக்க வழியில்லை. மானிட்டரும் மோடமும் பேட்டரிப் பக்கம் இருக்கட்டும். லேசர் பிரிண்டரை மட்டும் அங்கே செருகாதீர்கள்; அதன் சூடேற்றும் உருளை இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யூபிஎஸ் தாங்காது.

பெட்டியோடு வரும் யூஎஸ்பி கேபிளைப் பலர் பிரிப்பதே இல்லை. அதை இணைத்து அமைப்புகளைச் சரிசெய்தால், நீங்கள் மேசையில் இல்லாதபோதும் பேட்டரி தீரும் முன் கணினி தானாக அணையும்.

பேட்டரி பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். வெப்பம் அதன் எதிரி: 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். எனவே வெயில் படும் சன்னலோரமோ மூடிய அலமாரியோ வேண்டாம். வாங்கும் முன்பே, மாற்று பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்துவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். உள்ளே ஈயம் இருப்பதால் குப்பையில் போடாமல் மறுசுழற்சிக்குக் கொடுங்கள்.