கடை வீடியோவுக்கு மைக் வேண்டாம், இன்னொரு செல்போன் போதும்

கடையை அறிமுகப்படுத்தும் ஒரு நிமிட வீடியோவுக்காகத் தனி மைக் வாங்காதீர்கள். இன்னொரு செல்போனில் குரல்பதிவை ஓடவிட்டு, அடியில் உள்ள மைக் துளை மேலே வரும்படி தலைகீழாகச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு போனையும் விமானப் பயன்முறையில் வைப்பது நல்லது. பாதிப் பேச்சில் கடன் வேண்டுமா என்று யாராவது அழைப்பார்கள். படம் ஓடத் தொடங்கியதும் கேமராவுக்கு நேராக ஒருமுறை பலமாகக் கைதட்டிவிட்டுப் பேசுங்கள். பிறகு எடிட்டிங் செயலியில், உள்ளங்கைகள் சேரும் காட்சியோடு அந்த ‘டப்’ ஒலியைப் பொருத்தி, வீடியோவின் சொந்த ஒலியை அணைத்துவிடுங்கள்.

படமெடுக்கும் போன் ஆறடி தள்ளி நிற்கிறது. தொலைவு இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பதால், அங்கே நம் குரல் தேய்ந்து மின்விசிறி இரைச்சலும் பஸ் ஹாரனும் முந்திக்கொள்கின்றன. பையில் இருக்கும் போனுக்கோ வாய் ஒரு சாண் தூரம்தான். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியாவிட்டால் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

கஞ்சி போட்ட சட்டைக்கு இது சரிவராது, துணியின் உரசல் முழுவதும் பதிவாகும். சட்டைப் பையே இல்லையென்றாலும் சிக்கல்தான். இந்த இரண்டுக்கும், போனைக் கல்லாப்பெட்டி மேல் படத்தில் விழாதபடி நிறுத்திவையுங்கள். மாவு மில், லேத் பட்டறை போன்ற இடங்களில் சாதாரண மைக் எதுவும் அவ்வளவாக உதவாது. காட்சியை மட்டும் அங்கே எடுத்து, குரலை வீட்டில் பதிவு செய்து சேர்க்க வேண்டியதுதான்.