இன்டர்ஸ்டெல்லர் கருந்துளையைக் கறுப்புத் தாளில் வரைவது எப்படி?

பிடித்த படத்துக்கு ரசிகர் ஓவியம் வரையலாம் என்று உட்காருகிறவர்களில் பெரும்பாலானோர் நேராக நடிகரின் முகத்துக்குப் போய்விடுகிறார்கள். முதல் ஓவியத்துக்கு அது வேண்டாம் என்பேன். மூக்கு ஒரு நூல் நகர்ந்தாலும் ஆள் மாறிவிடும், அப்புறம் பென்சிலைத் தொடவே மனசு வராது. 2014-இல் வந்த ‘இன்டர்ஸ்டெல்லர்’ படத்தின் கார்கான்டுவா கருந்துளை அப்படிப் பழிவாங்காது. ஒரு வட்டம், குறுக்கே ஒரு பட்டை, மேலும் கீழும் வளைவுகள். சுமாராக வரைந்தாலும் பார்த்தவர்கள் எந்தப் படம் என்று சொல்லிவிடுவார்கள்.

ஆனால் இதிலும் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நடுவில் உருண்டை, அதைச் சுற்றி வளையம் என்று நினைத்துக்கொண்டு வரைந்தால் தாளில் சனிக்கோள்தான் வந்து நிற்கும். ஆகவே முதலில் அந்த வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்வோம். அது புரிந்துவிட்டால் படத்தை நொடிக்கு நொடி நிறுத்திப் பார்த்து நகலெடுக்கத் தேவையில்லை, கை தானாக வரும்.

அந்த வளைவு எங்கிருந்து வருகிறது?

கருந்துளையைச் சுற்றிச் சூடான வாயு ஒரு தட்டையான வட்டாகச் சுழல்கிறது. நாம் அதைக் கிட்டத்தட்ட விளிம்பு மட்டத்திலிருந்து, கொஞ்சமே கொஞ்சம் மேலே நின்று பார்க்கிறோம். வட்டின் முன்பக்கம் ஒரு மெல்லிய பட்டையாகக் குறுக்கே ஓடுகிறது. பின்பக்கம் கருந்துளைக்குப் பின்னால் மறைந்துபோயிருக்க வேண்டும், ஆனால் மறைவதில்லை. அதன் மேல்முகத்திலிருந்து கிளம்பும் ஒளி ஈர்ப்பினால் வளைந்து, கருந்துளையின் தலைக்கு மேலே ஏறி இறங்கி நம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. அதுதான் மேல் வளைவு. பின்பக்கத்தின் அடிமுகத்து ஒளி கீழ்ப்புறமாக வளைந்து வருகிறது. அது கீழ் வளைவு.

ஆக, மூன்று பொருள்போலத் தெரிந்தாலும் இருப்பது ஒரே வட்டுதான். வரைகிறவருக்கு இதில் ஒரு கட்டளை அடங்கியிருக்கிறது: இரண்டு வளைவுகளும் இரு பக்கமும் வந்து பட்டையோடு கலந்துவிட வேண்டும். தனியாக அந்தரத்தில் நிற்கக் கூடாது.

படத்துக்காக இந்த ஒளிப்பாதைக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் இயற்பியலாளர் கிப் தோர்ன். ஈர்ப்பலை ஆய்வுக்காக 2017-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். படத்தின் கணினிக் காட்சிகளை உருவாக்கிய டபுள் நெகட்டிவ் நிறுவனத்தின் கணினிகளில் சில ஃபிரேம்கள் உருவாக 100 மணி நேரம் வரை ஆனதாம். நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

என்னென்ன வேண்டும்?

ஏ4 அளவில் வெட்டிய கறுப்புச் சார்ட் அல்லது கொஞ்சம் தடிமனான கறுப்பு அட்டை. வழவழப்பான பக்கம் வேண்டாம், சொரசொரப்பான பக்கத்தில்தான் கலர் பென்சில் பிடிக்கும். கலர் பென்சில்களில் வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, கறுப்பு ஆகிய ஐந்தும் போதும். வெள்ளை ஜெல் பேனா ஒன்று, வெள்ளை போஸ்டர் கலர் கொஞ்சம், தூக்கிப் போட வைத்திருக்கும் பழைய டூத் பிரஷ், இரண்டு மூன்று இயர்பட்ஸ், ஸ்கேல், ரப்பர். கடைசியாக, வீட்டில் இருக்கும் 2.6 அளவு கண்ணாடி வளையல் ஒன்று.

வளையல் எதற்கு? காம்பஸ் வைத்து வட்டம் போட்டால் முள் குத்திய ஓட்டை தாளின் நட்டநடுவில், சுத்தமான கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், பளிச்சென்று தெரியும். 2.6 வளையலின் உள்விட்டம் ஏறக்குறைய 6 செ.மீ. இந்தத் தாளுக்கு அதுவே சரியான அளவு. அதைவிட முக்கியமான வசதி ஒன்று இருக்கிறது, அதைப் படி 2-இல் பார்ப்போம்.

படி 1: நட்சத்திரங்களை முதலில் தெளித்துவிடுங்கள்

பலர் இதைக் கடைசியில் செய்வார்கள். நான் முதலிலேயே செய்யச் சொல்வேன். தெளிக்கும்போது பெரிய சொட்டு ஒன்று விழுந்துவிட்டால், வேலை தொடங்காத தாள்தானே, வேறு தாள் எடுத்துக்கொள்ளலாம். தாளைப் படுக்கைவாக்கில் வைத்து, நடுவில் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து மூடுங்கள். போஸ்டர் கலரில் ஓரிரு சொட்டுத் தண்ணீர் மட்டும் விட்டு, பிரஷ் நுனியில் தொட்டு, கட்டைவிரலால் மெதுவாகச் சுண்டுங்கள். முதல் சுண்டலைப் பழைய செய்தித்தாளில் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது. நட்சத்திரம் கம்மியாக இருந்தால் அழகு, நிறைய இருந்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். நன்றாகக் காயவிடுங்கள்.

படி 2: கோட்டுருவம்

தாளின் நடுவில் வளையலை வைத்து, கூராகச் சீவிய வெள்ளைப் பென்சிலால் உள்விளிம்பை மெல்லத் தடவி வரையுங்கள். வளையலை எடுக்காமலே வெளிவிளிம்பையும் வரையுங்கள். இதுதான் நான் சொன்ன வசதி. உள்வட்டம் கருந்துளையின் நிழலை, அதாவது நடுவில் சுத்தக் கறுப்பாகத் தெரியும் பகுதியை, சுற்றி ஓடும் மெல்லிய ஒளிவளையம். வெளிவட்டம் மேல், கீழ் வளைவுகள் தொடங்கும் இடம். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கறுப்பு இடைவெளி படத்திலும் இருக்கிறது. அதைத் தொடவே தொடாதீர்கள்.

அடுத்து பட்டை. நாம் கொஞ்சம் மேலே நின்று பார்ப்பதால் வட்டின் முன்பக்கம் வட்டத்தின் சரிபாதியில் போகாது, சற்றுக் கீழே போகும். மையத்துக்கு அரை செ.மீ. கீழே, 22 செ.மீ. நீளத்துக்கு ஸ்கேல் வைத்து மங்கலாக ஒரு கோடு போடுங்கள். நடுவில் அரை செ.மீ. தடிமன், இரு முனைகளிலும் ஊசிபோலக் கூர்மை என்று அதைப் பட்டையாக்குங்கள். பட்டை நிழலுக்கு முன்னால் ஓடுகிறது. எனவே அது கடக்கும் இடத்தில் இரண்டு வட்டக் கோடுகளையும் ரப்பரால் எடுத்துவிடுங்கள்.

மேல் வளைவுக்கு, வட்டத்தின் உச்சியிலிருந்து ஒன்றரை செ.மீ. உயரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பட்டையின் மேல், வட்டத்திலிருந்து இடப்பக்கம் 4 செ.மீ., வலப்பக்கம் 4 செ.மீ. தள்ளி இரண்டு புள்ளிகள். இடப்புள்ளியிலிருந்து மெல்ல ஏறி, உச்சியைத் தொட்டு, வலப்புள்ளியில் வழுக்கி இறங்க வேண்டும். இறங்கும் இடத்தில் மூலை தெரியக் கூடாது. கீழ் வளைவும் இதே முறைதான், ஆனால் தடிமன் அரை செ.மீ. போதும். மேலும் கீழும் ஒரே அளவில் வரைந்துவிட்டால் பார்வைக் கோணம் குழம்பிப்போகும்.

படி 3: ஒளி ஏற்றுவது

ஓவியம் தேறுவதும் தேறாததும் இந்தப் படியில்தான், அவசரப்படாதீர்கள். கறுப்புத் தாளில் மஞ்சளை நேரடியாகப் பூசினால் அழுக்குப் பச்சையாகத்தான் தெரியும். முதலில் வெள்ளையால் ஓர் அடித்தளம் போட்டு, அதன் மேல்தான் நிறம் ஏற வேண்டும்.

வெள்ளைப் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், பட்டையில் குறுக்குவாக்கிலும் வளைவுகளில் வளைவைப் பின்பற்றியும் நீள நீளமான கீற்றுகளாக இழுங்கள். வாயு சுற்றும் திசையில்தான் கீற்று போக வேண்டும். கண்டபடி கிறுக்கி நிரப்பினால் அசைவு செத்துவிடும். கீற்றுகளுக்கு இடையே அங்கங்கே கறுப்பு எட்டிப் பார்ப்பது நல்லதுதான்.

கருந்துளைக்கு அருகில் இருக்கும் பகுதியை வெள்ளையாகவே விடுங்கள். அதற்கு வெளியே மஞ்சள், இன்னும் வெளியே ஆரஞ்சு, ஓரத்தில் பழுப்பு. படத்தில் வட்டின் வெப்பத்தைச் சூரியனின் மேற்பரப்பைவிடக் குறைவாக வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள், அதனால்தான் அந்த வெதுவெதுப்பான வெளிர்மஞ்சள். ஆரஞ்சைக் கொட்டினால் தீபாவளிச் சக்கரம் ஆகிவிடும், கவனம். வெளி ஓரங்களை இயர்பட்ஸால் கறுப்பை நோக்கித் தேய்த்து மங்கலாக்குங்கள். உள் ஓரம் மட்டும் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக நிற்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் ஜெல் பேனாவால் உள்வட்டத்தை ஒரே மெல்லிய கோடாக இழுங்கள். நிழலுக்குள் ஏதாவது தூசி, கைரேகை விழுந்திருந்தால் கறுப்புப் பென்சிலால் மூடிவிடுங்கள்.

கலர் பென்சிலே இல்லையா?

ஜெல் பேனா ஒன்றே போதும். இதற்கு ஒரு நல்ல முன்னோடி உண்டு. இந்தப் படம் வருவதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே, 1979-இல், ஜான்-பியர் லூமினே என்ற பிரெஞ்சு வானியற்பியலாளர் கருந்துளையும் வட்டும் எப்படித் தெரியும் என்று கணக்கிட்டு வெளியிட்டார். துளை அட்டைகளில் வேலை செய்யும் ஐபிஎம் 7040 கணினி எண்களைக் கொடுத்தது, படத்தைக் கொடுக்கவில்லை. ஆகவே அவரே நெகட்டிவ் தாளில் மையால் புள்ளி புள்ளியாக வைத்தார். ஒளி அதிகமான இடத்தில் நெருக்கமாக, குறைந்த இடத்தில் கலைத்து. அதை நெகட்டிவிலிருந்து புரட்டி எடுத்தபோது கறுப்பு வானத்தில் வெள்ளைப் புள்ளிகளாகக் கருந்துளை வந்தது. நம்மிடம் கறுப்புத் தாளே இருப்பதால் புரட்டும் வேலைகூட இல்லை. பொறுமை இருந்தால் இந்த முறையில் வரும் ஓவியம், நிறம் பூசியதைவிட அழகாக இருக்கும் என்பது என் கட்சி.

லூமினேயின் படத்தில் ஒரு பக்கம் மிகப் பிரகாசமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். வட்டில் நம்மை நோக்கிச் சுழன்று வரும் பக்கத்தின் ஒளி கூடும், விலகிப்போகும் பக்கத்தின் ஒளி குறையும். அதுதான் அறிவியல்படி சரி. பார்வையாளர்கள் குழம்பக் கூடாது என்று திரைப்படத்தில் இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு, இரு பக்கமும் சமமாக வைத்தார்கள். உங்கள் ஓவியத்தில் எதை வைப்பது என்பது உங்கள் இஷ்டம். இடப்பக்கம் வெள்ளையை அழுத்தி, வலப்பக்கம் பழுப்போடு நிறுத்திப் பாருங்கள். படத்திலேயே இல்லாத கார்கான்டுவா ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். அப்படியே நகலெடுத்த ரசிகர் ஓவியங்களைவிட இப்படிக் கொஞ்சம் மீறியவைதான் எனக்குப் பிடிக்கும்.

படி 4: விண்கலம்

படத்தில் வரும் எண்டியூரன்ஸ் கலம் 12 அறைகள் கோத்த ஒரு வளையம். தாளின் கீழ் மூலைப்பக்கம், அரை செ.மீ. விட்டத்தில், கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில் நான்கு புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டிரண்டு. சரி, முடிந்தது. கலத்தைப் பெரிதாக்கும் ஆசையை அடக்குங்கள். கார்கான்டுவாவின் நிறை 10 கோடி சூரியன்களுக்குச் சமம் என்கிறது கதை. கலம் பெரிதானால் கருந்துளை சிறுத்துவிடும்.

வளைவுகளை ஒட்டி விழுந்திருக்கும் நட்சத்திரங்களில் சிலவற்றை மட்டும் ஜெல் பேனாவால் சின்ன வளைகோடுகளாக நீட்டிவிடுங்கள். அவற்றின் ஒளியும் அங்கே வளைகிறதே.

போட்டோ எடுக்கும்போது

இணையத்தில் போடுவதாக இருந்தால் படத்தின் பெயரைக் குறிப்பிட்டு, ரசிகர் ஓவியம் என்று எழுதிவிடுங்கள். அச்சடித்து விற்கும் எண்ணம் இருந்தால் காப்புரிமை குறித்து விசாரித்துவிட்டுச் செய்யுங்கள். கறுப்புத் தாளைப் படமெடுத்தால் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டி, தாளைச் சாம்பல் நிறமாக்கிவிடும். திரையில் பட்டையின் வெள்ளைப் பகுதியைத் தொட்டு ஃபோகஸ் செய்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு எடுங்கள். ஜன்னல் ஓர வெளிச்சம் போதும். ஃபிளாஷ் போட்டால் கலர் பென்சிலின் மெழுகு மினுங்கி, பார்த்துப் பார்த்து ஏற்றிய மஞ்சளும் ஆரஞ்சும் காணாமல் போய்விடும்.