46 என்று இருந்தால் எல்லாம் சரியா?

களியக்காவிளைச் சந்தையில் பழம் வாங்கி வந்து பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. என்னிடம் பிளஸ் டூ உயிரியல் படித்த பையன், இப்போது ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன், கையில் ரிப்போர்ட்டோடு வந்து நின்றான்.

“சாரே, பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம்னு டாக்டர் சொல்லியாச்சு. ஆனா இதுல 46ன்னுதானே இருக்கு? லேப்ல தப்பா எழுதிட்டாங்களா?”

லேபில் தப்பு இல்லை. எண்ணை மட்டும் பார்ப்பதுதான் தப்பு. மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் மனித செல்லில் வழக்கமாக 46, அதாவது 23 ஜோடி. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் 100க்கு 95 பேருக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று தனித்தனியாக இருக்கும், மொத்தம் 47. மூன்று நான்கு பேருக்கு மட்டும் அந்த மூன்றாவது 21 வேறொரு குரோமோசோமோடு, பெரும்பாலும் 14உடன், ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணினால் 46தான் வரும். அவன் ரிப்போர்ட்டிலும் 46க்கு அடுத்த காற்புள்ளி தாண்டி, 14ம் 21ம் ஒரே அடைப்புக்குறிக்குள் சேர்ந்து நின்றன. அதைத்தான் படிக்க வேண்டும்.

இப்படி ஒட்டியிருந்தால் தாய், தகப்பன் இரண்டு பேருக்கும் கேரியோடைப், அதாவது குரோமோசோம்களை எண்ணி வரிசைப்படுத்தும் ரத்தச் சோதனை, பார்க்க வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒருவருக்கு 45 மட்டுமே இருக்கலாம். 21ம் 14ம் ஒட்டிய நிலையில், உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல். ஆனால் அடுத்த பிள்ளைக்கும் இதே நிலை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகம். தகப்பன் வழியாக வந்திருந்தால் குறைவு, தாய் வழியென்றால் பத்தில் ஒன்று என்ற அளவுக்கு வரும். சில பெற்றோரிடம் ஒட்டலே இருக்காது; குழந்தையில்தான் புதிதாக நடந்திருக்கும். சோதித்தால்தான் தெரியும்.

“அத்தை மகளைக் கட்டினதாலதான்னு அம்மா சொல்லுது சாரே.”

இந்தப் பேச்சு நம் பக்கத்தில் ஓயாது. சொந்தத்தில் கட்டுவதால் கூடுவது, இருவரிடமும் ஒரே குறைபாட்டு மரபணு மறைந்திருந்து பிள்ளையிடம் வெளிப்படும் தலசீமியா போன்ற நோய்கள். குரோமோசோம் கூடுவது வேறு கணக்கு. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது ஒரு ஜோடி பிரியாமல் நின்றுவிடுகிறது. பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிப் பாதியில் நின்ற முட்டைகள் அவை. வயது ஏற ஏறப் பிசகு கூடும். 25 வயதில் ஏறக்குறைய 1,250க்கு ஒன்று, 40 வயதில் 100க்கு ஒன்று. அதற்காக இளம் வயதுத் தாய்க்கு வராது என்று நினைக்க வேண்டாம். கிரகணத்துக்கும் பப்பாளிக்கும் இதில் வேலையே இல்லை. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதியில் குரோமோசோம் கோளாறுதான். பழி மட்டும் குடம் தூக்கிய பெண்ணுக்கு.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுக்கும் டபுள் மார்க்கர் ரத்தச் சோதனையில் 1:120 என்று வந்தாலே வீட்டில் அழுகை. அதே முடிவு வந்த 120 தாய்மாரில் ஒருவரின் பிள்ளைக்குத்தான் டவுன் சிண்ட்ரோம் இருக்கும் என்பதே அதன் பொருள். அது வாய்ப்பு எவ்வளவு என்று சல்லடைபோல் சலித்துக் காட்டும் சோதனை மட்டும்தான். ‘லோ ரிஸ்க்’ என்பதும் உத்தரவாதம் இல்லை. உறுதிப்படுத்த 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பையிலிருந்து ஒரு ஏத்தன் வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தேன். “மக்களே, இதுல 33 குரோமோசோம். ஒரு செட்டுக்கு 11, மூணு செட்டு.”

கூடினாலே குறை என்று நினைப்பது இன்னொரு தவறு. செட்டோடு கூடுவதைச் செடி தாங்கும். கோதுமையில் ஆறு செட், 42. மனிதக் கருவில் 23 வீதம் மூன்று செட் சேர்ந்து 69 ஆனால் அநேகமாகக் கலைந்துவிடும். அதற்காக, விதை இல்லாவிட்டால் மூன்று செட் என்றும் முடிவு கட்டக்கூடாது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் குமரி மாவட்டத்து மட்டி வாழைக்கு இரண்டே செட், 22தான். அதிலும் விதை கிடையாது. மகரந்தம் சேராமலே காய் பருக்கும் குணம் அதற்கு.

கோவேறு கழுதை விஷயமும் இப்படித்தான். குதிரைக்கு 64, கழுதைக்கு 62, இதற்கு 63. ஒற்றைப்படை என்பதால் மலடு என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒற்றைப்படை மட்டுமே காரணம் ஆகாது. மங்கோலியக் காட்டுக் குதிரைக்கு 66. அதையும் நாட்டுக் குதிரையையும் சேர்த்தால் பிறக்கும் 65 உள்ள குட்டி நன்றாகவே இனம் பெருக்கும்.

அடுத்த வாரம் அவனும் மனைவியும் ரத்தம் கொடுக்கத் திருவனந்தபுரம் போகிறார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். டாக்டர் சொல்வதை அவரும் காதால் கேட்கட்டும்.