சென்டன்ஸ் கரெக்‌ஷன்: சரியான இடியத்தைப் பிடிப்பது எப்படி?

சென்டன்ஸ் கரெக்‌ஷன் என்பது, ஒரு ஆங்கில வாக்கியத்தையும் அதற்கான சில மாற்று விடைகளையும் கொடுத்து, பிழையில்லாததைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வுக் கேள்வி. எந்தச் சொல்லோடு எந்தத் துணைச்சொல் சேரும் என்ற புழக்கத்தைத்தான் இங்கே இடியம் என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஏபிள்' வந்தால் பின்னால் 'டு' வரும், 'கேப்பபிள்' வந்தால் 'ஆஃப்' வரும். இரண்டுக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் துணைச்சொல் மாறுகிறது. இதற்கு விதி கிடையாது, புழக்கம்தான் காரணம். அதனால்தான் இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட இந்த வகைக் கேள்வியில் தடுமாறுகிறார்கள். காதை நம்புவதும் ஆபத்து. 'டிஸ்கஸ் அபௌட்', 'கோப் அப் வித்' போன்ற பிழைகளை அன்றாடம் கேட்டுக் கேட்டு, அவைதான் நம் காதுக்குச் சரியாகப் படும்.

கேள்வியைப் படித்ததும் இடியத்தில் கை வைக்காதீர்கள். எழுவாய்க்கும் வினைக்கும் பொருத்தம் இருக்கிறதா, காலம் சரியா, வாக்கியம் சொல்ல வந்த பொருள் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்து, தவறான விடைகளை முதலில் அடித்துவிடுங்கள். பெரும்பாலும் இரண்டு விடைகள்தான் மிஞ்சும். அவற்றை அடுத்தடுத்து வைத்து, எந்தச் சொல் மட்டும் வேறுபடுகிறது என்று பாருங்கள். அந்த வேறுபாடு ஒரு பிரிப்பொசிஷனாகவோ ('ஆஃப்', 'ஆன்', 'ஃப்ரம்' போன்ற சொல்), 'டு' அல்லது 'இங்' வடிவமாகவோ இருந்தால், கேள்வி சோதிப்பது இடியத்தைத்தான்.

அடுத்த வேலை, அந்தத் துணைச்சொல் எந்தச் சொல்லுக்குச் சொந்தம் என்று கண்டுபிடிப்பது. கேள்வி தயாரிப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே நீளமான ஒரு துணைவாக்கியத்தைச் செருகிவிடுவார்கள். இதைப் பாருங்கள்: 'சயின்டிஸ்ட்ஸ் அட்ரிபியூட் தி ரைஸ் இன் சீ லெவல்ஸ், விச் ஹேஸ் அலார்ம்ட் கோஸ்டல் சிட்டீஸ், ஆஸ் பீயிங் டியூ டு மெல்ட்டிங் ஐஸ்.' இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவில் இருப்பதை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். 'அட்ரிபியூட்' என்றால் 'அட்ரிபியூட் எக்ஸ் டு ஒய்'. இந்த வாக்கியத்திலும் ஒரு 'டு' இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. அது 'டியூ' என்ற சொல்லுக்குச் சொந்தமான 'டு'. 'அட்ரிபியூட்'டின் 'டு' இங்கே இல்லவே இல்லை. 'ஆஸ் பீயிங் டியூ' என்பதை எடுத்துவிட்டு 'டு மெல்ட்டிங் ஐஸ்' என்று முடியும் விடையே சரி.

மனப்பாடம் செய்வதானால் தனிச்சொல்லாகச் செய்யாதீர்கள். எக்ஸ், ஒய் என்று இடம் விட்டு முழு அச்சாகவே எழுதி வையுங்கள். 'ரிகார்ட் எக்ஸ் ஆஸ் ஒய்', 'வியூ எக்ஸ் ஆஸ் ஒய்', 'எஸ்டிமேட் எக்ஸ் டு பி ஒய்', 'புரொஹிபிட் எக்ஸ் ஃப்ரம் டூயிங்', 'ஃபர்பிட் எக்ஸ் டு டூ'. 'கன்சிடர்' மட்டும் தனி ரகம்: 'கன்சிடர் எக்ஸ் ஒய்', நடுவில் எதுவும் வேண்டாம். 'கன்சிடர் ஆஸ்' என்ற விடையைத் தேர்வில் தவறாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜோடியாக வருபவற்றில் ஒரு பாதியைப் பார்த்ததும் மறுபாதியைத் தேடுங்கள். 'பிட்வீன்' வந்தால் 'அண்ட்'தான், 'டு' கிடையாது. 'நோ சூனர்' என்றால் 'தேன்', 'ஹார்ட்லி' என்றால் 'வென்'. 'நாட் ஒன்லி' வந்தால் 'பட் ஆல்சோ' வருகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். இரண்டுக்கும் பின்னால் வருவது ஒரே வடிவமாகவும் இருக்க வேண்டும். 'நாட் ஒன்லி ரெட்யூசஸ் காஸ்ட் பட் ஆல்சோ சேவிங் டைம்' தவறு, 'சேவ்ஸ் டைம்' என்று வர வேண்டும்.

தேவையில்லாத பிரிப்பொசிஷனில்தான் நம்மவர்கள் அதிகம் மதிப்பெண் இழக்கிறார்கள். 'டிஸ்கஷன் அபௌட்', 'எம்ஃபசிஸ் ஆன்', 'ரிக்வெஸ்ட் ஃபார்' எல்லாம் சரி, ஏனென்றால் இவை பெயர்ச்சொற்கள். அதே சொல் வினையாக வரும்போது பிரிப்பொசிஷன் உதிர்ந்துவிடும்: 'டிஸ்கஸ் தி பிளான்', 'எம்ஃபசைஸ் தி பாயின்ட்', 'ரிக்வெஸ்ட் ஹெல்ப்'. போதாக்குறைக்குத் தமிழில் 'பற்றி' என்று சொல்லிப் பழகியதும் சேர்ந்துகொண்டு 'அபௌட்'டை இழுத்து வந்துவிடுகிறது. 'விட' என்று நினைப்பதால் வருவது 'சுப்பீரியர் தேன்'. சுப்பீரியர், இன்ஃபீரியர், சீனியர், ஜூனியர் நான்குக்கும் 'டு'தான். 'பிரிஃபர் வாக்கிங் டு ரன்னிங்' என்பதும் அப்படியே. 'டிஸ்பைட் ஆஃப்' கிடையாது. 'இன் ஸ்பைட்' என்று தொடங்கினால்தான் 'ஆஃப்'.

'டு' வந்தாலே வினையின் மூல வடிவம் என்று நினைப்பது இன்னொரு பள்ளம். 'லுக் ஃபார்வர்ட் டு', 'அக்கஸ்டம்ட் டு', 'அப்ஜெக்ட் டு', 'வித் எ வியூ டு' ஆகியவற்றுக்குப் பின் 'இங்' வரும். சந்தேகம் வந்தால் 'டு'வுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு தி மீட்டிங்' பொருந்துகிறது, அதனால் 'லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ'. 'வான்ட் டு தி மீட்டிங்' பொருந்தாது, அதனால் 'வான்ட் டு மீட்'.

சில சொற்களுக்கு இரண்டு துணைச்சொற்களும் சரி, பொருள்தான் வேறு. 'ரிசல்ட் இன்' விளைவைக் காட்டும், 'ரிசல்ட் ஃப்ரம்' காரணத்தைக் காட்டும். இங்கே வாக்கியத்தின் பொருளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பயிற்சிக்கு, மேலாண்மைப் படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்வின் பழைய கேள்விகள் மிக நல்லவை. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் சென்டன்ஸ் கரெக்‌ஷனை நீக்கிவிட்டாலும், அந்தக் கேள்விகளின் தரம் அப்படியே இருக்கிறது. அவற்றில் முதல் விடை எப்போதும் மூல வாக்கியமேதான். வேறு தேர்வுகளில் இதையே 'நோ இம்ப்ரூவ்மென்ட்' என்று கடைசியில் வைப்பார்கள். அச்சு சரியாகப் பொருந்தி, வேறு பிழையும் தென்படவில்லை என்றால் தயங்காமல் அதையே குறியுங்கள்.