அம்பாசடர் டைமிங்: ஒரு பல்பு போதும்

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) திறந்து மூடும் மின் தொடர்பான பாயிண்ட்டை மாற்றிய மறுநாளே என் பெட்ரோல் அம்பாசடர் மேட்டில் ஏறும்போது கடகடவென்று தட்டியது. திறந்து பார்த்தால் பாயிண்ட் இடைவெளி அதிகம். முதலில் அதை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து 0.4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். இடைவெளி மாறினால் டைமிங்கும், அதாவது பிளக்கில் தீப்பொறி வரும் நேரமும், மாறும், அதனால் இந்த வேலைதான் முதலில்.

பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஹேண்டிலால் இன்ஜினைச் சுற்றினேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டர் முதல் சிலிண்டர் வயரைப் பார்க்க, இன்ஜின் புல்லியில் உள்ள வெட்டு இன்ஜினில் உள்ள டைமிங் குறிக்கு நேராக நின்றது. அப்புறம் 12 வோல்ட் பல்பின் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரில் காயிலின் (தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) மெல்லிய வயர் சேரும் முனையில் கொடுத்து, மற்றதை பாடியில் வைத்து, சாவியைப் போட்டேன். டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் சுற்றும் திசையில் திருப்ப, பாயிண்ட் மூடிக்கொண்டு பல்பு அணைந்தது. பிறகு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். பாயிண்ட் திறந்து பல்பு பளிச்சென்று எரிந்த இடம்தான் தீப்பொறி வரும் இடம்; அங்கேயே கிளாம்ப்பை இறுக்கினேன்.

அதே மேட்டில் மூன்றாவது கியரில் ஏறினேன். தட்டும் சத்தமே இல்லை!