ரேஷன் பாமாயிலா, செக்கெண்ணெயா: வட சென்னை அடுப்படிக்கு ஒரு கணக்கு

தண்டையார்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் வாங்கிவந்து, "காட்டை அழித்து எடுத்த எண்ணெயாமே" என்று பிள்ளைகள் கேட்கும்போது பதில் தெரியாமல் நிற்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன்.

பிள்ளைகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உலகின் பாமாயிலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும்தான் உற்பத்தியாகிறது. சுமத்ரா, போர்னியோ தீவுகளில் ஒராங்குட்டான் வாழும் மழைக்காடுகளை வெட்டியும், மட்கிய தாவரங்கள் பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்த சதுப்பு நிலங்களின் நீரை வடித்தும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் பரவின. அப்படி வடிந்து காய்ந்த நிலங்கள் 2015இல் மாதக்கணக்கில் எரிந்தபோது புகை சிங்கப்பூர் வரை மூடியது.

ஆனால் இதற்காகப் பாக்கெட்டை மாற்றிக்கொள்வதற்கு முன் விளைச்சல் கணக்கைப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப்பனை ஆண்டுக்கு மூன்று டன்னுக்கு மேல் எண்ணெய் தருகிறது. அதே நிலத்தில் சோயா ஏறக்குறைய அரை டன்னும், சூரியகாந்தி முக்கால் டன்னை ஒட்டியும்தான் தருகின்றன. பாமாயிலுக்கு ஈடாகப் பிற எண்ணெய்ப் பயிர்களை வளர்க்க ஒன்பது மடங்கு வரை நிலம் தேவைப்படலாம் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2018இல் கூறியது. சோயாவுக்காகப் பிரேசிலின் செராடோ புல்வெளிகள் ஏற்கெனவே உழப்பட்டுவருகின்றன. ஆகவே பாமாயிலை விட்டுச் சோயாவுக்கு மாறுவதைப் பரிகாரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

எந்த எண்ணெயானாலும் குறைவாகச் செலவிடுவதே வழி. அதற்கு முதலில் செய்ய வேண்டியது அளப்பது. புதுப் பாக்கெட்டைப் பிரித்துத் தூக்கில் ஊற்றும் நாளன்றே, சமையலறை நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுழித்து வையுங்கள்; மாத முடிவில் எத்தனை லிட்டர் தீர்ந்தது என்பதை வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால், தலைக்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். நாட்டின் சராசரி ஆண்டுக்குத் தலைக்குச் சுமார் 19 கிலோ, அதாவது மாதத்துக்கு ஒன்றே முக்கால் லிட்டர் அளவு. கடையில் வாங்கித் தின்னும் பஜ்ஜியும் பிஸ்கட்டும் இந்தச் சராசரியில் அடக்கம், உங்கள் தூக்கில் அடங்காது என்பதையும் மறக்க வேண்டாம். பிஸ்கட் உறையின் பின்புறம், பொடி எழுத்தில், பெரும்பாலும் 'பாமோலின்' என்றோ பாமாயில் என்றோ இருக்கும். தாளிப்பதற்குக் கரண்டியால் எடுத்து ஊற்றுங்கள். தூக்கைச் சாய்த்து ஊற்றும் கைக்கு அளவு தெரியாது.

அடுத்து, எந்த எண்ணெயை எதற்கு வைத்துக்கொள்வது என்பது. பொரிப்பதற்குப் பாமாயில் தாங்கும், சூரியகாந்தியும் சோயாவும் அந்தச் சூட்டில் விரைவில் கெடும். எனினும் பாமாயிலின் கொழுப்பில் ஏறக்குறைய பாதி நிறைவுற்றது என்பதால், எண்ணெயில் பொரிப்பதை வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைப்பது உடம்புக்கும் நல்லது. காசிமேட்டு மீனைக் குழம்பு வைக்க நல்லெண்ணெய் போதும். மார்கழியில் பாமாயில் வெள்ளையாக உறைந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், வெந்நீரில் தூக்கை நிறுத்தினால் இளகிவிடும்.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தவர்கள், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளையும் கடலையின் செக்கெண்ணெயை ஒரு பங்காகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு லிட்டருக்கு இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ பருப்பு ஆட்ட வேண்டும். அந்த அளவு பருப்பின் விலையில் புண்ணாக்கின் விலையைக் கழித்தாலும் கடைக்காரர் சொல்லும் விலை அதைவிடக் குறைவாக இருந்தால், அது கலப்படமாக இருக்கக்கூடும் என்றே நான் எண்ணுவேன்.

பாமாயில் உற்பத்தியை ஒழுங்குபடுத்த 2004இல் தொடங்கிய வட்டமேசை அமைப்பு (RSPO) சான்று பெற்ற எண்ணெய்க்குத் தரும் பனையோலை முத்திரையை நம் மளிகைக் கடைகளில் காண்பது அரிது என்பதால், அதைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

பொரித்து மீந்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஏற்கெனவே திணறும் கேப்டன் காட்டன் கால்வாய்க்கு அது வேண்டாத சுமை. வடிகட்டி ஓரிரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். கறுத்து நுரைத்துவிட்டதென்றால் பழைய செய்தித்தாளில் ஊற்றி ஊறவைத்துக் குப்பையோடு போடுங்கள். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் உணவகங்கள் அதற்குக் கணக்கு வைக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அப்படிச் சேரும் எண்ணெயைப் பயோடீசலாக்க வாங்கிக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. தெருவில் சொந்தமாகப் பலகாரக் கடை வைத்திருப்பவரிடம் இதைச் சொல்லிவையுங்கள்.